குழந்தைகளின் தப்பான விடைகள்: வளர்ச்சி உளவியலுக்குள் நுழைய ஒரு வழி

மூன்று வயதுக் குழந்தையிடம் போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் பல சமயம் பதிலே வராது. இந்தப் பக்கம் நாம் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருப்போம். அந்தப் பக்கம் குழந்தை பொறுமையாகத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். அதன் கணக்கில் பதில் சொல்லியாகிவிட்டது. பக்கத்தில் இருக்கும் யாராவது "வாயைத் திறந்து சொல்லு, அவங்களுக்கு நீ தலையாட்டுறது தெரியாதுல்ல" என்று எடுத்துக்கொடுக்க வேண்டும்.

நாம் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அப்படிப் போகாமல், "இந்தக் குழந்தை என்ன நினைத்துக்கொண்டு தலையாட்டுகிறது?" என்று அங்கேயே நின்றவர்கள் சிலர் உண்டு. வளர்ச்சி உளவியல் என்று இன்று நாம் படிப்பதில் ஒரு பெரிய பங்கு அவர்கள் கொடுத்ததுதான்.

உளவியல் என்பது மனதையும் நடத்தையையும் ஆராயும் துறை. அதில் வளர்ச்சி உளவியல், கருவில் தொடங்கி முதுமை வரை மனிதர் எப்படி மாறுகிறார், ஏன் மாறுகிறார் என்று பார்க்கிறது. இதற்கான அறிமுகப் பாடங்கள், எந்த உளவியலாளர் வளர்ச்சியை எத்தனை நிலைகளாகப் பிரித்தார் என்று, பெரும்பாலும் பட்டியலாகவே வரும்: ஃபிராய்டுக்கு ஐந்து நிலை, எரிக்சனுக்கு எட்டு, பியாஜேக்கு நான்கு, கோல்பெர்குக்கு ஆறு. தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வசதிதான். ஆனால் இந்த ஆட்கள் எதைப் பார்த்து இப்படியெல்லாம் சொன்னார்கள் என்பது பட்டியலில் தெரியாது. அதனால் இங்கே பட்டியலை விட்டுவிட்டு, குழந்தைகள் சொல்லும் தப்பான விடைகள் வழியாக உள்ளே போகலாம். எல்லாக் கோட்பாடும் இந்த வழியில் வராது. வருபவற்றையாவது சரியாகப் பார்த்துவிடுவோம்.

கதை பாரிஸில் தொடங்குகிறது. அங்கே ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோன் என்ற இருவர் 1905இல் குழந்தைகளுக்கான நுண்ணறிவுச் சோதனை ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். எந்த வயதில் எந்தக் கேள்விக்குப் பெரும்பாலான குழந்தைகள் சரியாக விடை சொல்கிறார்கள் என்பதுதான் அதன் அடிப்படை. பினே 1911இல் இறந்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஓர் இளைஞருக்கு சிமோன் ஒரு வேலை கொடுத்தார். இங்கிலாந்தில் தயாரான சில தருக்கக் கேள்விகளை பாரிஸ் பள்ளிக் குழந்தைகளிடம் கேட்டு, எத்தனை பேர் சரி, எத்தனை பேர் தப்பு என்று அளவுகோல் தயாரிக்க வேண்டும். கொஞ்சம் சலிப்பான வேலை.

அந்த இளைஞர் ழான் பியாஜே. 1896இல் பிறந்தவர். உளவியலுக்கு அவர் வந்ததே சுற்றுவழியில்தான். பத்து வயதில், தான் பார்த்த ஒரு வெள்ளைச் சிட்டுக்குருவியைப் பற்றிச் சிறு குறிப்பு எழுதி வெளியிட்டவர். முனைவர் பட்டம் வாங்கியது நத்தை வகை மெல்லுடலிகளைப் பற்றி. உயிரினம் தன் சூழலுக்கு ஏற்ப எப்படித் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று பார்த்துப் பழகிய கண் அவருடையது. அந்தக் கண்ணோடு விடைத்தாள்களைப் பார்த்தபோது, சரியான விடைகளைவிடத் தப்பான விடைகள்தான் அவரை இழுத்தன. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரி தப்புச் செய்தார்கள். குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் விடைகள் சிதறிக் கிடந்திருக்கும். ஒரே மாதிரி வருகிறது என்றால் உள்ளே ஏதோ ஒரு முறை ஓடுகிறது. அது பெரியவர்களின் முறை இல்லை, அவ்வளவுதான்.

சரி, விடைகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு அவர் குழந்தைகளோடு பேசத் தொடங்கினார். "ஏன் அப்படிச் சொல்கிறாய்? நான் இப்படிச் செய்தால் என்ன ஆகும்?" என்று, நோயாளியிடம் மருத்துவர் கேட்பதைப் போல விடாமல் கேட்பார். பிற்பாடு தன் மூன்று குழந்தைகளையும் தொட்டிலிலிருந்தே கவனித்துப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார். மூன்றே குழந்தைகள், அதுவும் ஒரே வீட்டுக் குழந்தைகள், என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். நியாயமான குறைதான்.

அவர் செய்தவற்றில் மிகப் பிரபலமானது தண்ணீர்ச் சோதனை. வீட்டில் நான்கைந்து வயதுக் குழந்தை இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களில் ஒரே அளவு தண்ணீர். "இரண்டிலும் ஒரே அளவா?" "ஆமா." குழந்தையின் கண் முன்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீரை ஒல்லியான, உயரமான பாத்திரத்தில் ஊற்றுங்கள். "இப்போ?" பெரும்பாலும் குழந்தை உயரமான பாத்திரத்தைக் காட்டி "இதுலதான் நிறைய" என்று சொல்லும். ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை, சிந்தவில்லை, அது பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் அப்படித்தான் சொல்லும். இதே போல ஐந்து பொத்தான்களை நெருக்கமாகவும், இன்னொரு ஐந்தைத் தள்ளித் தள்ளியும் வரிசையாக வைத்தால், நீளமான வரிசையில்தான் அதிகம் என்று சொல்லும். எண்ணிக் காட்டிய பிறகும் சொல்லும் குழந்தைகள் உண்டு.

வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்ற இந்தப் புரிதலுக்கு மாறாத்தன்மை என்று பெயர். அது இல்லாதபோது குழந்தை என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உயரத்தைப் பார்க்கிறது, அகலத்தை விட்டுவிடுகிறது. கண்ணை இழுக்கும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரைத் திரும்பப் பழைய டம்ளரில் ஊற்றினால் என்ன ஆகும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்க்க அதற்கு இன்னும் வரவில்லை. ஏழு வயதை ஒட்டி அதே குழந்தையிடம் கேளுங்கள். "இது ஒல்லி, அதனால மேல ஏறிடுச்சு" என்று சொல்லிவிட்டு, இதையெல்லாமா கேட்பீர்கள் என்பது போல நம்மை ஒரு பார்வை பார்க்கும்.

இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதற்கு பியாஜே சொன்ன விளக்கம் அவருடைய நிலைப் பட்டியலைவிட முக்கியமானது என்பது என் எண்ணம். உலகத்தைப் புரிந்துகொள்ள நம் மனதில் சில அச்சுகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஸ்கீமா என்று பெயர். நாயை மட்டும் பார்த்து வளர்ந்த குழந்தை முதன்முதலாக ஆட்டைப் பார்த்து "நாய்!" என்கிறது. நான்கு கால், வால், உடம்பெல்லாம் முடி, எல்லாம் அச்சில் பொருந்துகிறது. புதியதைப் பழைய அச்சுக்குள் போட்டுக்கொள்ளும் இந்த வேலை தன்வயமாக்கல். அப்புறம் அந்த 'நாய்' "மே" என்று கத்துகிறது. தலையில் கொம்பு வேறு. இப்போது அச்சையே மாற்றியாக வேண்டும். இரண்டாவதாக ஓர் அச்சு வேண்டும். இது தகவமைத்தல். பொருந்தாத ஒன்று வந்து இடறும்போதுதான் மனம் தன்னைத் திருத்திக்கொள்கிறது. நத்தைகளைப் பார்த்துப் பழகியவர் யோசிக்கும் விதம் இதில் நன்றாகவே தெரிகிறது.

நிலைகளையும் சொல்லிவிடுகிறேன். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை புலன் இயக்கப் பருவம்: கையும் வாயும் கண்ணும்தான் சிந்தனை. இரண்டிலிருந்து ஏழு வரை மனச்செயல்பாட்டுக்கு முந்தைய பருவம்: பேச்சும் பாவனையும் வந்துவிட்டன, தருக்கம் வரவில்லை. போனில் தலையாட்டும் குழந்தையும், கண்ணை மூடிக்கொண்டு "நான் ஒளிஞ்சிட்டேன்" என்று சொல்லும் குழந்தையும் இங்கேதான். தன் கண்ணுக்குத் தெரிவதே எல்லார் கண்ணுக்கும் தெரியும் என்ற இதற்குத் தன்மையப் போக்கு என்று பெயர். சுயநலம் என்று குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏழிலிருந்து பதினொன்று வரை புலனீடான மனச்செயல் பருவம்: கண் முன்னால் பொருள் இருந்தால் தருக்கம் ஓடும். அதற்குப் பிறகு முறையான மனச்செயல் பருவம்: "ஒருவேளை இப்படி இருந்தால்" என்று இல்லாததைப் பற்றியும் முறையாக யோசிக்க வரும். வயதுகள் சராசரிதான். ஏழாம் பிறந்தநாள் காலையில் யாரும் புது மூளையோடு எழுந்திருப்பதில்லை.

இந்த இடத்தில் பல அறிமுகக் கட்டுரைகள் முடிந்துவிடும். எனக்குச் சுவாரசியம் தொடங்குவதே இங்கேதான். குழந்தை தப்பான விடை சொன்னால், கோளாறு குழந்தையின் தருக்கத்தில்தான் இருக்க வேண்டுமா? கேள்வியில் இருக்கக் கூடாதா?

பொத்தான் வரிசையைக் குழந்தையின் இடத்திலிருந்து பாருங்கள். ஒரு பெரியவர் "இரண்டும் ஒன்றா?" என்று கேட்கிறார். "ஆமா" என்கிறோம். உடனே அவர் வேண்டுமென்றே ஒரு வரிசையைக் கையால் இழுத்து நீட்டிவிட்டு, மறுபடி அதே கேள்வியைக் கேட்கிறார். பெரியவர்கள் எப்போது ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்பார்கள்? முதல் விடை தப்பாக இருந்தால்தானே! "சரி, இவருக்கு வேற பதில் வேணும் போல" என்று குழந்தை நினைப்பதில் என்ன தப்பு?

இதைச் சோதிக்க ஜேம்ஸ் மக்கேரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற இருவர் 1970களில் ஓர் அழகான தந்திரம் செய்தார்கள். ஒரு பொம்மைக் கரடியைக் கொண்டுவந்து, "இது சரியான வால், விளையாட்டையெல்லாம் கலைத்துவிடும்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். வரிசையைக் கலைத்தது பெரியவர் இல்லை, கரடி. அது 'தெரியாமல்' கலைத்துவிட்டது. இப்போது "இரண்டிலும் ஒன்றா?" என்று கேட்பது இயல்பான கேள்வி. நான்கிலிருந்து ஆறு வயது வரையான குழந்தைகளில், வழக்கமான முறையில் சிலரே சரியாகச் சொன்னார்கள். கரடி கலைத்தபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் சரியாகச் சொன்னார்கள். பொத்தான்கள் மாறவில்லை, கேட்ட சூழல்தான் மாறியது.

தன்மையப் போக்குக்கும் இதே கதிதான். மூன்று மலைகளின் மாதிரியை மேசையில் வைத்து, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பொம்மைக்கு அவை எப்படித் தெரியும் என்று பியாஜேயும் அவருடைய சகா பார்பெல் இன்ஹெல்டரும் கேட்டார்கள். சிறு குழந்தைகள் தங்களுக்குத் தெரியும் காட்சியையே காட்டினார்கள். மார்ட்டின் ஹியூஸ் என்பவர் மலைகளை எடுத்துவிட்டு, குறுக்கே இரண்டு சுவர்களையும் ஒரு போலீஸ்காரர் பொம்மையையும் வைத்தார். "போலீஸ்காரர் கண்ணில் படாமல் இந்தப் பையனை ஒளித்துவை" என்றார். நான்கு வயதைத் தொடாத குழந்தைகள்கூடப் பெரும்பாலும் சரியாக ஒளித்துவைத்தார்கள். திருடன் போலீஸ் விளையாட்டு எல்லாக் குழந்தைக்கும் புரியும். மலையின் மறுபக்கத் தோற்றம் எதற்கு என்றுதான் புரியாது.

கைக்குழந்தைகள் விஷயத்தில் இன்னும் ஆச்சரியம். பொம்மையைத் துணியால் மூடினால் ஆறு மாதக் குழந்தை தேடாது. எட்டு ஒன்பது மாதத்தில்தான் துணியை விலக்கித் தேடும். ஆகவே கண்ணில் படாத பொருளும் இருக்கத்தான் செய்கிறது என்ற பொருள் நிலைத்தன்மை அப்போதுதான் தொடங்குகிறது என்றார் பியாஜே. ஆனால் தேடுவதற்கு அறிவு மட்டும் போதாதே; கையை நீட்ட வேண்டும், துணியைப் பிடிக்க வேண்டும், திட்டம் போட வேண்டும். ரெனே பயார்ஜானும் சகாக்களும் 1985இல் கையை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்த்தார்கள். ஒரு பெட்டிக்கு முன்னால் ஒரு தடுப்பு பின்பக்கமாகச் சாயும். பெட்டியில் முட்டி நின்றால் இயல்பு. பெட்டி இருந்த இடத்தையும் தாண்டி அது முழுதாகச் சாய்ந்துவிட்டால் நடக்க முடியாத காரியம். ஐந்து மாதக் குழந்தைகள் அந்த நடக்க முடியாத காட்சியைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். மறைந்த பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது என்பது அவர்களுக்கு ஏதோ ஒரு விதத்தில் தெரிந்திருக்கிறது. வெறித்துப் பார்ப்பதை எவ்வளவு தூரம் 'தெரியும்' என்று எடுத்துக்கொள்வது என்ற சண்டை இன்றும் ஓயவில்லை.

இன்னொரு தப்பும் உண்டு. பொம்மையை இடப்பக்கம் சில முறை ஒளித்துவைத்து எடுக்கவிட்டு, அப்புறம் குழந்தை பார்க்கும்போதே வலப்பக்கம் ஒளித்துவைத்தால், பத்து மாதக் குழந்தை மறுபடி இடப்பக்கமே கையை நீட்டும். லிண்டா ஸ்மித், எஸ்தர் தீலன் முதலானவர்கள் நடுவில் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள்: உட்கார்ந்திருந்த குழந்தையை எழுப்பி நிற்கவைத்தார்கள். தப்பு பெருமளவு குறைந்துவிட்டது. பழகிப்போன கையசைவின் பிடி, உடம்பின் நிலை மாறியதும் விட்டுப்போகிறது. மனம் என்று நாம் சொல்வதில் உடம்புக்கும் பங்கு இருக்கிறது.

பியாஜேயின் குழந்தை கொஞ்சம் தனிமையானது என்பதையும் சொல்ல வேண்டும். குட்டி விஞ்ஞானி போலத் தானே பார்த்து, தானே இடறி, தானே கற்றுக்கொள்ளும். இதை மறுத்தவர் ரஷ்யாவின் லெவ் வைகாட்ஸ்கி. அவரும் 1896இல் பிறந்தவர்தான். ஆனால் காசநோயால் 37 வயதில், 1934இல் இறந்துவிட்டார். அவர் பார்வையில் சிந்தனை முதலில் இரண்டு பேருக்கு நடுவில் நடக்கிறது, பிறகுதான் ஒருவருக்குள் போகிறது.

விளையாடும் குழந்தை தனக்குத்தானே முணுமுணுப்பதைக் கேட்டிருப்பீர்கள்: "இது இங்க... இல்ல, பெருசு... அந்தச் சிவப்பு எங்க?" யாருக்காகவும் பேசாத இந்தப் பேச்சை, பிறரை மனதில் வைத்துப் பேசத் தெரியாததன் அடையாளம் என்று பியாஜே பார்த்தார், வயது ஏறினால் மறைந்துவிடும். வைகாட்ஸ்கி வேலையைக் கடினமாக்கிப் பார்த்தார். முணுமுணுப்பு அதிகமானது. அப்படியானால் அது குறையே இல்லை, கருவி. பெரியவர்கள் வழிகாட்டிய பேச்சைக் குழந்தை தானே எடுத்துத் தனக்கு வழிகாட்டிக்கொள்கிறது. பின்னால் அது மறைவதில்லை, உள்ளே இறங்கி மௌனப் பேச்சாகிறது. (சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடும்போது நமக்கே அது வெளியே வந்துவிடுகிறது.) இந்த விமர்சனத்தை மிகவும் தாமதமாகப் படித்த பியாஜே, 1962இல் அதற்குப் பதில் எழுதினார். வைகாட்ஸ்கி இறந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தப்பான விடையைப் பற்றி வைகாட்ஸ்கி கேட்ட கேள்வியே வேறு. இரண்டு குழந்தைகள், தனியாகச் சோதித்தால் இருவருக்கும் எட்டு வயதுக்குரிய மதிப்பெண். ஆனால் கொஞ்சம் குறிப்புக் கொடுத்தால் ஒருத்தி பன்னிரண்டு வயதுக்கான கணக்கு வரை போகிறாள், இன்னொருவன் ஒன்பதோடு நிற்கிறான். இவர்கள் இருவரும் ஒன்றா? தனியாக முடிவதற்கும் துணையோடு முடிவதற்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் அவர் அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். அங்கே கொடுக்கும் உதவிக்கு, கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது என்ற உவமையை 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் கொண்டுவந்தார்கள். சுவர் நின்றதும் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்க மறப்பதுதான் நம்மில் பலருக்குப் பழக்கம்.

போன் குழந்தைக்குத் திரும்புவோம். அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் திறனுக்கு மனக் கோட்பாடு என்று பெயர். அதைச் சோதிக்க 1983இல் ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் இருவரும் ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். மாக்ஸி திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று நான்கு வயதுக் குழந்தைகள், சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டினார்கள். தங்களுக்குத் தெரிந்தது மாக்ஸிக்கும் தெரியும் என்று அவர்களுக்கு எண்ணம். நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் 57 சதவீதமும், ஆறிலிருந்து ஒன்பதுக்குள் 86 சதவீதமும் சரியாகச் சொன்னார்கள். 'அவன் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறான்' என்பதைப் புரிந்துகொள்வது எளிய காரியம் இல்லை. பொய் சொல்லவும், ரகசியம் காக்கவும், ஆச்சரியப் பரிசு கொடுக்கவும் அது வேண்டும். குழந்தை ஒழுங்காகப் பொய் சொல்லத் தொடங்குகிறது என்றால், ஒரு விதத்தில் வளர்ச்சிதான்.

வளர்ச்சி குழந்தைப் பருவத்தோடு முடிவதில்லை. எரிக் எரிக்சன் 1950இல் முன்வைத்த எட்டுக் கட்டங்களில் கடைசி மூன்றும் பெரியவர்களுக்கானவை: நெருக்கம், அடுத்த தலைமுறைக்கு ஏதாவது செய்தல், வாழ்ந்ததை ஏற்றுக்கொள்ளுதல். அது தனிக் கட்டுரைக்குரியது. இங்கே பெரியவர்களின் தப்பான விடை ஒன்றை மட்டும் பார்த்துவிடலாம்.

மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிபவை: அ, க, 4, 7. விதி இது: "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால், மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்." விதி உண்மையா என்று அறிய எந்தெந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்?

பீட்டர் வேசன் 1960களில் உருவாக்கிய புதிர் இது. எழுத்துகளை மட்டும் தமிழாக்கியிருக்கிறேன். பெரும்பாலானோர் 'அ' என்கிறார்கள், அல்லது 'அ'வும் 4உம் என்கிறார்கள். சரியான விடை 'அ'வும் 7உம். 4க்குப் பின்னால் மெய்யெழுத்தோ உயிர்மெய்யோ இருந்தாலும் விதி உடையாது. 7க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால்தான் உடையும். படித்தவர்களிலும் பத்தில் ஒருவர் சரியாகச் சொன்னாலே அதிகம்.

இதே புதிரை 1982இல் ரிச்சர்ட் கிரிக்ஸ், ஜேம்ஸ் காக்ஸ் இருவரும் வேறு உடையில் கொடுத்தார்கள். நீங்கள் போலீஸ்காரர். "பீர் குடிப்பவருக்கு 19 வயது தாண்டியிருக்க வேண்டும்" என்பது சட்டம். ஒருவர் பீர் குடிக்கிறார், ஒருவர் குளிர்பானம் குடிக்கிறார், ஒருவருக்கு வயது 22, ஒருவருக்கு 16. யாரைச் சோதிப்பீர்கள்? பீர் குடிப்பவரையும் 16 வயதுக்காரரையும் என்று பெரும்பாலானோர் சட்டென்று சொல்லிவிட்டார்கள். தருக்கம் இரண்டிலும் அச்சுப் பிசகாமல் ஒன்றேதான்.

பியாஜேயின் கணக்குப்படி இந்த அட்டைப் புதிர் பதினைந்து வயதுக்குள் கைவந்திருக்க வேண்டியது. 1972இல், தன் 76ஆம் வயதில், அவரே அதைத் திருத்திக்கொண்டார். முறையான சிந்தனை பதினைந்திலிருந்து இருபது வயதுக்குள் வரலாம், அதுவும் ஒவ்வொருவருக்கும் அவரவர் கைத்தொழில் எதுவோ அதில்தான் முதலில் வரும் என்று எழுதினார். அவர் எடுத்துக்காட்டியது தச்சர், பூட்டு வேலைக்காரர், மெக்கானிக். சோதனைக்கூடத்துக் கேள்வியில் தடுமாறும் மெக்கானிக், கிளம்பாத இன்ஜினுக்கு முன்னால் நின்று "எரிபொருள் வருது, அப்போ தப்பு அங்க இல்ல, மின்பொறி வருதான்னு பார்ப்போம்" என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவார்.